கர்னல் மக்கர் செய்யும்போது

போர்ட் பிளேரில் கர்னல் என்றால் ராணுவ அதிகாரிதான் முதலில் நினைவுக்கு வருவார். முப்படைகளுக்கும் பொதுவான தலைமையகம் 2001 முதல் இருக்கும் ஊர் அது. (2024-ல் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், பேச்சில் பழைய பெயர் இன்னும் போகவில்லை.) இங்கே சொல்ல வந்தது வேறு கர்னல். கம்ப்யூட்டரின் பிராசசர், மெமரி, டிஸ்க் எல்லாவற்றையும் மற்ற புரோகிராம்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி. ஆங்கிலத்தில் இரண்டு சொற்களுக்கும் எழுத்தாவது வேறு. தமிழில் அதுவும் இல்லை.

ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கர்னல் இன்று மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. மூல நிரல் எல்லோருக்கும் இலவசம். வேண்டாததைக் கழித்து, தன் மெஷினுக்கு ஏற்றதை யாரும் கம்பைல் செய்துகொள்ளலாம். பெரும்பாலோருக்கு இது தேவையே இல்லை. பழைய லேப்டாப்பை இன்னும் இரண்டு வருடம் ஓட்ட நினைப்பவருக்கும், பாடத்தைப் புத்தகத்தோடு நிறுத்த மனமில்லாத மாணவருக்கும்தான் இந்த வேலை.

வழிகாட்டிக் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாமே நல்ல இணைப்பும் நிற்காத மின்சாரமும் உள்ள நகரத்தை மனதில் வைத்து எழுதியவை. சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. நீளத்துக்குக் கடலடி கேபிள் வந்தது 2020 ஆகஸ்டில்தான்; அதுவரை தீவுகளுக்கு செயற்கைக்கோளே கதி. கேபிள் தொடுவது எட்டு இடங்களை. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களை 1970-களில் ரப்பர் தோட்டத்துக்காகக் குடியேற்றிய கச்சால் தீவு அந்த எட்டில் இல்லை.

ஆகவே, வெளித் தீவுக்குப் போகிறவர் கப்பல் ஏறுமுன் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்துக்கொள்வது நல்லது. சுருக்கப்பட்ட மூல நிரல் 140 மெகாபைட் அளவுதான்; மாற்றங்களின் முழு வரலாற்றையும் இறக்கப் போனால் பல ஜிகாபைட். ஃப்ளெக்ஸ், பைசன், ஓபன்எஸ்எஸ்எல், லிப்எல்ஃப் ஆகிய துணைக் கருவிகளை மறந்துவிடாதீர்கள். பலருடைய கம்பைல் முதல் நிமிடத்திலேயே நிற்பது இவற்றில் ஒன்று இல்லாததால்தான்.

அடுத்த சிக்கல், படிக்கத் தெரியாதது. ஆங்கிலம் தெரியாததைச் சொல்லவில்லை. கம்பைல் நின்றதும் எல்லோரும் திரையின் கடைசி வரியைப் பார்க்கிறார்கள். அது வெறும் மரண அறிவிப்பு. காரணம் சில நூறு வரிகளுக்கு மேலே கிடக்கும். ஒரே நேரத்தில் எட்டு வேலைகளை ஓடவிட்டால் எட்டின் புலம்பலும் கலந்து வரும். ஒரே வேலையாக மறுபடி ஓடவிடுங்கள். முதலில் வரும் பிழைதான் பிழை. மற்றவை பெரும்பாலும் அதன் பிள்ளைகள்.

'டார்கெட் உண்டாக்க விதி இல்லை' என்று ஒரு செய்தி வரும். உபுண்டு, டெபியன் அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்தவர்களுக்கு இது அடிக்கடி வரும். அவர்களுடைய சான்றிதழ் கோப்பு ஒன்றை அது தேடுகிறது. உங்களிடம் அது இல்லை. அமைப்பில் அந்தச் சாவிகளுக்கான இடத்தைக் காலியாக விட்டால் போதும். 'கில்டு' என்ற ஒற்றைச் சொல்லோடு கம்பைலர் செத்தால் நிரலைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் மெமரி போதாமல், ஓடிக்கொண்டிருக்கும் கர்னலே கம்பைலரைக் கொன்றிருக்கும். வேலைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

தீவுகளின் மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்களை நம்பியது. நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அதே கட்டளையைக் கொடுத்தால் முடிந்ததை விட்டுவிட்டு மிச்சத்தைச் செய்யும். ஆனால் அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் கிடக்கலாம். 'கோப்பு வடிவம் புரியவில்லை' என்று வந்தால் அதில் குறிப்பிடும் கோப்பை மட்டும் அழித்துவிட்டுத் தொடருங்கள்.

நேரத்தை மிச்சம் பிடிக்க 'லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற வசதி உண்டு. இப்போது பயன்பாட்டில் உள்ள டிரைவர்களை மட்டும் வைத்துக்கொள்ளும். பழைய மெஷினில் பல மணி நேர வேலை வெகுவாகக் குறையும். ஒரு பொறி இருக்கிறது. அந்தச் சமயத்தில் செருகாத பிரிண்டரும் டாங்கிளும் புதிய கர்னலுக்கு அந்நியர்கள். எல்லாவற்றையும் செருகிவிட்டுக் கட்டளை கொடுங்கள்.

எல்லாம் முடிந்து ரீபூட் செய்யும்போது 'ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை' என்று கர்னல் பீதியடைந்தால் (அதற்கு 'பானிக்' என்றே பெயர்), டிஸ்க்கைத் திறக்கும் டிரைவர் விடுபட்டிருக்கும். அல்லது அதைச் சுமந்து வரும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு உருவாகியிருக்காது. 'செக்யூர் பூட்' உள்ள மெஷின் என்றால் கையெழுத்தில்லாத உங்கள் கர்னலை உள்ளேயே விடாது.

2011 கணக்கெடுப்பில் அந்தமான் நிகோபாரில் தமிழைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டவர்கள் சுமார் 15 சதவீதம். தமிழ் வழியில் பள்ளி முடித்துக் கம்ப்யூட்டர் படிக்க வரும் பிள்ளைகள் இந்தச் செய்திகளைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு ஒதுங்குவதுதான் எனக்கு உறுத்துகிறது. உடனே இவற்றைத் தமிழாக்க வேண்டும் என்பார்கள். மொழிபெயர்ப்பே பிழைப்பாக இருந்தும் நான் அதற்கு உடன்பட மாட்டேன். பிழைச் செய்தி ஒரு முகவரி போன்றது. ஓர் எழுத்து மாறினாலும் அதே சங்கடத்தில் சிக்கியவர்கள் உலகில் எங்கே எழுதி வைத்த தீர்வும் அகப்படாது. செய்தி ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். அதன் பக்கத்தில் இரண்டு வரித் தமிழ் விளக்கம் வேண்டும். அப்படியொரு கையேடு ஐம்பது செய்திகளுக்கு இருந்தால்கூட ஒரு கல்லூரி ஆய்வகத்தின் பாதிச் சந்தேகங்கள் தீரும். தொகுக்க ஒரு பருவம் போதும்.

பழைய கர்னலை மட்டும் அவசரப்பட்டு அழித்துவிட வேண்டாம். பூட் மெனுவில் அது புதியதற்குக் கீழே ஒரு வரியாக இருக்கட்டும். புதியது பீதியடைந்தால், மெஷினை அணைத்து, அம்புக்குறி விசையை இரண்டு முறை தட்டினால் போதும்.