உடும்பும் வண்ணத்துப்பூச்சியும்

மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பெயர்பெற்ற பூநகரியில், வயல்வரம்பின் ஓரமாக உடும்பு ஊர்ந்து செல்வதைப் பலரும் கண்டிருப்பர். பக்கத்துப் பற்றையின் மேலே, கரிய இறக்கைகளிற் செம்புள்ளிகளும் செந்நிற உடலும் கொண்ட வண்ணத்துப்பூச்சியொன்று மெல்லப் பறந்து திரியும். இவ்விரண்டில் வலியது எது? மாணவரை வினவினால், “இதுவும் ஒரு கேள்வியா?” என்று நகைப்பர்.

உடும்பு 5 அடிக்கு மேலும் வளர்வது. அதன் பிடியோ பழமொழியாகிவிட்டது. ஆயினும் அது மண்ணின் நிறத்தில் மறைந்தே வாழ்கிறது; ஆளரவம் கேட்டாற் புற்றுக்குள் ஒடுங்குகிறது. இறக்கை விரித்தாலும் 4 அங்குலமேயுள்ள வண்ணத்துப்பூச்சியோ தன் சிவப்பை மறைப்பதுமில்லை, விரைந்து பறப்பதுமில்லை. காரணம் யாது? புழுப்பருவத்தில் அது தின்ற ஈசுவரமூலி, ஆடுதின்னாப்பாளை ஆகியவற்றின் நஞ்சு அதன் உடலில் தங்கியிருக்கிறது. ஒருமுறை கொத்திய பறவை மறுமுறை அணுகாது. சுவீடன் நாட்டறிஞர் லின்னேயசு 1758இல் இதற்கு ஹெக்டர் என்று திரோய் நகர வீரனின் பெயரைச் சூட்டியது பொருத்தமே.

புலன்களிலும் விந்தை உண்டு. உடும்பு தன் பிளந்த நாவை நீட்டி, மணத்துகள்களை எடுத்து, அண்ணத்திலுள்ள உறுப்பிற் சேர்த்து முகர்கிறது. பெண் வண்ணத்துப்பூச்சி முன்னங்கால்களால் இலையைத் தட்டிச் சுவை பார்த்து, உரிய கொடிதான் என்று தெளிந்த பின்னரே முட்டையிடுகிறது. ஒன்று நாவால் முகர்கிறது. மற்றையது காலாற் சுவைக்கிறது!

உடும்பின் நாவைப் பச்சையாக விழுங்கினாற் சொல்வன்மை பெருகும் என நம்பியோர் நம் நாட்டில் உண்டு. மூக்கின் வேலையைச் செய்யும் நா பேச்சை எங்ஙனம் தரும்? கஞ்சிராவுக்கு அதன் தோலையே வேண்டினர். இறைச்சிக்காக இன்றும் கொல்கின்றனர், சட்டம் தடுத்திருந்தும். வலியதென நாம் எண்ணியது, உண்ணத்தக்கதாய் இருப்பதனாலேயே அழிகிறது.

மெலியதற்கும் ஆபத்து இல்லாமலில்லை. வேலியோரக் கொடியை வெட்டி எரித்தால் வண்ணத்துப்பூச்சிக்கு முட்டையிட இடமேது? உடும்பும் தன் முட்டைகளைப் பெரும்பாலும் புற்றிலேதான் புதைக்கிறது; அவை பொரிக்க ஆறு மாதத்துக்கு மேலாகும். ஆகையால், காணி திருத்தும் பெரியோர்களே, மூலையிலுள்ள ஒரு புற்றையும் வேலியிற் படர்ந்த ஒரு கொடியையும் விட்டுவையுங்கள். நாளை உங்கள் பிள்ளைகள் இவற்றைப் படத்தில் மட்டுமன்றி வரம்பிலும் காணட்டும்.