கில்மோரின் பெடல் தெரிகிறது. நம் ஊர்க் கிற்றார்காரரின் பெயர்?

மாத்தளை மாவட்டத்து ரத்தோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவனுக்குப் பழைய மின்கிற்றார் ஒன்று கைக்கு வருகிறது. பிங்க் ஃப்ளொய்ட் குழுவின் டேவிட் கில்மோரைப் போல அதை அழ வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அதற்காக அவன் கண்டிக்குப் பஸ் ஏறிக் குருவைத் தேட வேண்டியதில்லை; எல்லாம் எழுத்தில் இருக்கிறது. கில்மோர் வைத்திருந்தது கறுப்பு நிற ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர். ஒலியைத் தடிப்பாக்கி இழுத்தது பிக் மஃப் என்ற பெடல். எதிரொலி தந்தது பின்சன் எக்கோரெக் என்ற இத்தாலிய இயந்திரம். கடைசியில் ஹைவாட் அம்ப். அந்த ஒரு கிற்றாரைப் பற்றி மட்டும், அதைப் பராமரித்த ஃபில் டெய்லர் முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். எப்போது எந்தக் கழுத்து மாட்டப்பட்டது, எந்த பிக்கப் கழற்றப்பட்டது என்று சாதகக் குறிப்பைப் போல எல்லாம் அதில் இருக்கிறது. 2019 ஜூனில் நியூயோர்க்கில் நடந்த கிறிஸ்டீஸ் ஏலத்தில் அந்தக் கிற்றார் 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலருக்குப் போனது. மரத்துக்கும் கம்பிக்கும் யாரும் அவ்வளவு கொடுக்கமாட்டார்கள். அந்தச் சாதகத்துக்கும் சேர்த்துத்தான் விலை.

இனி அதே பையன், அப்பா காலத்திலிருந்து வீட்டில் ஒலித்துவரும் 'இளைய நிலா'வை எடுக்கட்டும். 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்துப் பாட்டு. அதில் கிற்றார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்பது இன்று பலருக்குத் தெரியும். அதுவும் இளையராஜா இரசிகர்கள் பல வருடமாகத் துருவித் துருவிக் கேட்டதால் தெரிந்தது. எந்தக் கிற்றார், என்ன கம்பி, மைக்கை எவ்வளவு தூரத்தில் வைத்தார்கள் என்று அதற்கு மேலே கேட்டால், அங்கொன்றும் இங்கொன்றுமாக நினைவுப் பேச்சுகள்தான் கிடைக்கும். இங்கிலாந்துக்காரரின் பெடலை அறிந்த அளவுக்குக் கோடம்பாக்கத்துக்காரரின் கம்பியை அறியாமல் ஒரு தலைமுறை கிற்றார் பழகுகிறது. குற்றம் அந்தத் தலைமுறையுடையதல்ல.

பிடித்த கலைஞரின் டோனை, அதாவது அவருடைய ஒலியின் குணத்தை, தன் கையில் எழுப்பிப் பார்ப்பது வெள்ளைக்காரப் பைத்தியம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் தோட்டத்தில் தப்புக்காரரைக் கவனித்ததில்லை போலும். தீ மூட்டி, தோலைச் சூட்டில் காட்டி, தட்டிப் பார்த்து, போதாது என்று மறுபடி காட்டி, காதுக்கு ஒத்த பிறகுதான் அவர் தோளில் மாட்டுவார். அவர் தேடுவதும் டோன்தான். பாட்டுப் படிக்கிற பிள்ளையும் குருவின் குரலை அச்சாகத் திருப்பிச் சொல்லித்தான் தன் குரலுக்கு வருகிறது. ஒரு டோனைப் பிரதி செய்ய முயல்கிறவர் அதைப் பகுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது: கம்பியில் விழுந்தது நகமா பிக்கா, நாதம் எவ்வளவு நேரம் நின்றது, எங்கே உடைந்தது, அறை எவ்வளவு பெரிது. காதுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

மேல்நாட்டு டோன்களைப் பிரதி செய்ய முடிவதற்குக் காரணம் பணம் என்று பலர் நினைக்கிறார்கள். அவற்றின் பிறப்புக் கதைகளைப் பார்த்தால் பணத்துக்கு அதில் அத்தனை பங்கு இல்லை. குவீன் குழுவின் பிரையன் மே 1963இல் தன் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே கிற்றார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்கு எடுத்தது ஒரு பழைய கணப்பு அடுப்பின் மேற்சட்டம். கம்பிகளை அசைக்கும் பொறிக்கு உள்ளே பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். கைப்பிடியின் நுனியில் அம்மாவின் பின்னல் ஊசித் துண்டு. விரல் பலகையின் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். பிக்குக்குப் பதில் ஆறு பென்ஸ் நாணயம். மாத்தளை கராஜ் ஒன்றில் அரை நாள் தேடினால் இதில் பாதிச் சாமான் கிடைக்கும். ஆனால் பிரையன் மே ஒவ்வொரு சாமானையும் எங்கிருந்து எடுத்தார் என்று சொல்லி 2014இல் புத்தகமாகவும் போட்டுவிட்டார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

கோளாறுகளுக்குக்கூட அங்கே வரலாறு உண்டு. 1961இல் மார்ட்டி ராபின்ஸ் பாடி வெளிவந்த ஒரு பாட்டில் கிரேடி மார்ட்டினின் வாசிப்பு திடீரென்று கிழிந்த துணி போல ஒலிக்கும். நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடத்தில் மிக்ஸரின் ஒரு வழி பழுதாகிவிட்டது. வேறு இடமாக இருந்தால் அழித்துவிட்டு மறுபடி எடுத்திருப்பார்கள். ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்நொடி அந்தக் கிழிசலை இரசித்து, அதைச் செயற்கையாக உண்டாக்கும் பெட்டியை வடிவமைத்தார். 1962இல் கிப்சன் நிறுவனம் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்றது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் காலால் மிதித்தது அதைத்தான். டயர் ஸ்ட்ரெயிட்ஸ் 1985இல் வெளியிட்ட 'மணி ஃபோர் நத்திங்' பாட்டில் மார்க் நொஃப்ளரின் கிற்றார் மூக்கால் பேசுவது போல இருக்குமே, அதற்கு ஒரு காரணம் மைக் ஸ்பீக்கரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துத் தொங்கியது. ஒலிப்பதிவு நடந்தது மொன்செராட் என்ற குட்டித் தீவில். மாத்தளை மாவட்டத்துக்குள் அது பதினைந்து தடவைக்கு மேல் அடங்கும். அங்கே ஒரு மைக் எப்படித் தொங்கியது என்று உலகத்துக்குத் தெரியும்.

நம் பக்கம் வருவோம். 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் 'அவளுக்கென்ன' பாட்டு, ஒலிப்பதிவுக் கூடத்தில் நடப்பதாகவே படமாக்கப்பட்டிருக்கும். எம்.எஸ். விஸ்வநாதன் தானே தோன்றி நடத்துவார். வாத்தியக்காரர்களும் திரையில் வருவார்கள். தமிழ் சினிமாவில் இது அபூர்வமான காட்சி. ஆனால் பார்க்கிறவருக்கு முகங்கள்தான் தெரியும், யார் யார் என்று தெரியாது. இசைத்தட்டு உறைகளில் படத்தின் பெயர், இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் ஆகியோரோடு பட்டியல் முடிந்துவிடும். இளையராஜாவே கிற்றார் வாசித்து வளர்ந்தவர், இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் வாசித்தவர். அவரிடம் வாசித்த சதானந்தம், சந்திரசேகர், பேஸ் கிற்றார் சசிதரன் ஆகியோரின் விரல்களை ஒரு முழுத் தலைமுறை மனப்பாடம் செய்தது, பெயர்களைத் தவிர. 90களில் ஏ.ஆர். ரஹ்மானின் கசெட், சீடி உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் அச்சாகத் தொடங்கின. கேபா ஜெரமையா என்ற கிற்றார்காரரின் பெயரைச் சொல்லி இன்றைய பிள்ளைகள் பாட்டுத் தேடுவது அந்த மாற்றத்தின் பலன்.

இலங்கையின் கதையும் இதேதான். சிங்கள மெல்லிசைக்குள் மின்கிற்றாரைக் கொண்டுவந்தவர் என்று பெயர்பெற்ற கிளாரன்ஸ் விஜேவர்தன 1943இல் அப்புத்தளையில் பிறந்தவர், நம் மலைநாட்டுக்காரர். 60களில் அவருடைய மூன்ஸ்டோன்ஸ் குழு வானொலியில் கலக்கியது. தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பொப் பாட்டை வீட்டுக்கு வீடு கொண்டுபோனார்கள். பாடியவர்களைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. பின்னால் நின்று வாசித்தவர்களைப் பற்றி எழுதியது சொற்பம். மாத்தளைக்கு எழுத்தாளர் பஞ்சமே இல்லை. மாத்தளை சோமு, மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை வடிவேலன் என்று ஊரையே பெயரில் சுமந்தவர்கள் அவர்கள். ஊர் மேடையில் கிற்றாரைச் சுமந்தவரும் அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு வரிக்கு உரியவர்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மாத்தளைக்காரருக்குப் பிடித்த டோன், இசைத்தட்டில் இருக்கும் டோன்தானா? லயத்து வீட்டில் அந்தப் பாட்டு வந்தது மத்திய அலை வானொலியில். அது ஏறத்தாழ 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை அவ்வளவாகக் கொண்டுவராது. வயலினின் மினுமினுப்பும் சலங்கையின் கூர்மையும் வழியிலேயே உதிர்ந்துவிடும். மின்கிற்றாருக்கு மட்டும் பெரிய நட்டமில்லை. அதன் அம்பில் இருக்கும் ஸ்பீக்கரே ஏறத்தாழ அந்த எல்லையில்தான் சரியத் தொடங்கும். பழைய வானொலிப் பெட்டியில் கிற்றார் மற்ற வாத்தியங்களை முந்திக்கொண்டு காதில் விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வானொலியை விட்டால் கோயில். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்துக்கு ஐந்து தேர் இழுக்கிறார்கள். திருவிழாக் காலத்தில் மரத்திலும் கம்பத்திலும் கட்டிய குழாய் ஸ்பீக்கர்தான் ஊருக்கே பாட்டுப்பெட்டி. குழாய் அடிக்கனத்தைத் தராது, உச்சத்தையும் தராது, நடுப்பகுதியை மட்டும் பிடித்து மலைக்கு அந்தப் பக்கம் வரை வீசும். அப்படிக் கேட்ட கிற்றாரைத்தான் இன்று அறுபதைத் தாண்டியவர் "அந்தக் காலத்துச் சத்தம்" என்கிறார். அவருக்காக அந்த டோனைத் திரும்ப எழுப்ப வேண்டுமென்றால் விலையுயர்ந்த அம்ப் உதவாது. துருப்பிடித்த குழாய் வேண்டும்.

டோன் விரலில்தான் இருக்கிறது, பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள் சிலர். பாதி உண்மை. நொஃப்ளர் பிக்கை விட்டுவிட்டு விரலால் வாசிப்பதை எந்தப் பெடலும் தராது. ஆனால் ரொக் கிற்றார்காரர் எட்டி வான் ஹேலன் தன் அம்புக்குப் போகும் மின்சாரத்தை ஏறத்தாழ 90 வோல்ட்டுக்கு இறக்கி வாசித்தது விரலில் இல்லை. (2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைப் பார்த்த நாட்டில் வோல்டேஜைக் குறைப்பது பெரிய வித்தையாகத் தெரியாதுதான்.) அதோடு, விரல்தான் எல்லாம் என்றால் அது யாருடைய விரல் என்று எழுதி வைப்பது இன்னும் அவசியமாகிறது.

நம்மிடமிருந்து போன இசைக்கும் மேல்நாட்டவர்களே குறிப்பு வைத்திருக்கிறார்கள். கிற்றார் கலைஞர் ஜோன் மக்லாஃப்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் வீணை படித்தவர். பிறகு 'சக்தி' குழுவுக்காக, விரல் பலகையின் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்த கிற்றார் ஒன்றைச் செய்வித்தார். வீணையில் போலக் கம்பியை அழுத்தி இழுத்துக் கமகம் காட்டுவதற்காக. அந்தக் கிற்றாரை யார் செய்தார், எத்தனை கம்பி என்பதெல்லாம் பதிவில் உண்டு. எதிர்த் திசையில் நடந்தவர் கிற்றார் பிரசன்னா. மின்கிற்றாரில் கர்நாடக இசை வாசிக்கும் அவர், ஜிமி ஹென்ட்ரிக்ஸை நினைத்து 2006இல் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்று ஒரு தொகுப்பே செய்தார். ஹென்ட்ரிக்ஸின் டோனைக் குடைந்து கேட்டவர், அதற்குள் தன் கமகத்தை வைத்தார். பிரதி செய்வது எங்கே போய்ச் சேரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

செய்யக்கூடிய காரியங்கள் சிறியவை. நியூரல் அம்ப் மொடலர் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. சில நிமிடச் சோதனை ஒலியை ஓர் அம்ப் வழியாக அனுப்பிப் பதிவு செய்து கொடுத்தால், அந்த அம்பின் குணத்தைக் கணினி கற்றுக்கொள்ளும். மேல்நாட்டில் இதை வைத்துப் பெயர்போன அம்புகளையெல்லாம் படியெடுத்துத் தள்ளுகிறார்கள். மாத்தளையில் ஏதோ ஒரு வீட்டுப் பரணில் பழைய கோஷ்டியின் அம்ப் இன்னும் கிடக்கலாம். வால்வும் கொண்டென்சரும் முழுதாகச் செத்துப்போவதற்குள் அதையும் படியெடுக்கலாம். கோயில் குழாயின் குணத்தையும் அதே மாதிரிப் பிடிக்கலாம். மைக்கும் கணினியும் இருந்தால் ஒரு பிற்பகல் வேலை.

அதற்கும் முந்தியது பேச்சு. 60களிலும் 70களிலும் மேடையேறியவர்களுக்கு இன்று எழுபதும் எண்பதும். கிற்றார் எங்கே வாங்கினார், கம்பி அறுந்தால் என்ன செய்தார், பழைய கம்பியைக் கொதிநீரில் போட்டு எடுத்தாரா, ஸ்பீக்கர் யாருடையது, எந்தப் பாட்டை எந்தத் திருவிழாவில் வாசித்தார் என்று கேட்டுக் கைத்தொலைபேசியிலேயே பதிந்துவிடலாம். 2005இலிருந்து ஈழத்து எழுத்துகளை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் குரல் பதிவுகளையும் ஏற்றுக்கொள்கிறது. பாடசாலை இசை ஆசிரியர்கள் இதை மாணவர்களுக்கு ஒரு செயற்றிட்டமாகக் கொடுத்தால் ஒரே தவணையில் மாவட்டத்தில் பாதி முடிந்துவிடும்.

அடுத்த மாசி மகத்துக்கு மாத்தளைக்குப் போகிறவர்கள் இன்னிசைக் குழுவின் மேடைக்குப் பக்கத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பாட்டு முடிந்ததும் கிற்றாரோடு இறங்குகிறவரிடம் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அறிவிப்பாளர் பாடகரின் பெயரை மட்டும்தான் சொல்வார்.