நடையில் தெரியும் மனம்

வில் ரைட் உருவாக்கி 2000-இல் வெளிவந்த ‘தி சிம்ஸ்’ என்னும் கணினி விளையாட்டில் வியப்பான ஏற்பாடு ஒன்று உண்டு. பசித்த பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டியே தன்பால் அழைக்கும்! அதைத் திறக்கும் அசைவும் பெட்டியோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். எனவே புதுப்பொருள் வந்தால் ஆளைத் திருத்தி எழுத வேண்டியதில்லை. கெட்டிக்காரத்தனம்தான், ஆயினும் அசைவு பொருளுக்குரியதாகிவிடுகிறதே!

2014-இல் வந்த நான்காம் பாகத்தில் துயருற்றவர் தளர்ந்து நடக்கிறார். இதையே உண்மையான முன்னேற்றம் என்பேன். தலைமயிரின் பளபளப்பை மெச்சும் விடுதி நண்பர்கள் சண்டைக்கு வரட்டும். நாளெல்லாம் நாற்று நட்டுவிட்டு என் தாய் வாசற்படி ஏறுவதும், திருமணத்திற்குப் போய்வந்து ஏறுவதும் ஒன்றா? முதுகே சொல்லிவிடும். அந்தப் படியை, அந்த முதுகோடு, எந்த விளையாட்டிலும் நான் இன்னும் பார்க்கவில்லை.