நாற்றங்காலில் கதிர் தேடலாமா?

பஞ்சாலையில் வேலை செய்யும் தோழர் ஒருவர் சென்ற மாதம் சங்க ஆபீசுக்கு வந்தார். அவசரமாகப் பத்தாயிரம் ரூபாய் கடன் வேண்டும், எங்கேயாவது சொல்லி ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டார். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நாம் பதறிப் போனோம். அப்படி ஒன்றுமில்லை. மூன்றரை வயது மகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டுமாம். முதல் தவணை கட்ட மறுநாள்தான் கடைசி நாளாம்.

"உங்கள் தெருமுனையிலேயே அங்கன்வாடி இருக்கிறதே, தோழர்!" என்றோம்.

"அங்கே என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? பிள்ளைகள் விளையாடுகின்றன, சாப்பிடுகின்றன, தூங்குகின்றன. நான்தான் பஞ்சைத் தின்று இருமுகிறேன். என் பிள்ளையாவது நாலு எழுத்து படித்து மேலே வர வேண்டாமா?" என்றார்.

அதே வாரத்தில் நடவு நடந்துகொண்டிருந்த ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். வரப்போரத்துப் புங்க மரத்தில் சேலைத் தொட்டில் கட்டியிருந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அதை ஆட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வயதுத் தம்பி பக்கத்தில் சேற்றை உருட்டிக்கொண்டிருந்தான். "ஏம்மா, பள்ளிக்கூடம் போகலையா?" என்று கேட்டோம். "அம்மாவுக்கு நடவு. பாப்பாவை நான்தான் பார்த்துக்கணும்" என்றாள்.

இரண்டு குடும்பங்கள். ஒன்று பிள்ளையின் படிப்புக்காகக் கடன் வாங்குகிறது. இன்னொன்று கைக்குழந்தையைக் காக்க மூத்த குழந்தையின் படிப்பைப் பலி கொடுக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: ஆறு வயதுக்கு உட்பட்ட உழைப்பாளி வீட்டுக் குழந்தையைப் பற்றி இந்த நாட்டில் கேட்பாரில்லை. நமது சங்கங்களும் இதைப் போதிய அளவுக்குக் கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

விளையாட்டே படிப்பு

முதலில், பஞ்சாலைத் தோழரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். விளையாடினால் படிப்பு வருமா?

'நர்சரி' என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு நாற்றங்கால் என்றும் ஒரு அர்த்தம் உண்டு. நாற்றங்காலைப் பற்றி விவசாயத் தொழிலாளிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நாற்றங்காலில் எவனாவது கதிர் தேடுவானா? அங்கே பார்க்க வேண்டியது வேர். வேர் பிடித்த நாற்று நடவு வயலில் தானே தூர் கட்டும்.

மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து, பக்கம் பக்கமாக எழுது என்று சொல்வது நாற்றங்காலில் கதிர் தேடுகிற வேலைதான். அந்த வயதில் விரல்களின் தசைகள் எழுதுவதற்குப் பக்குவப்பட்டிருக்காது. களிமண்ணைப் பிசைந்து, மணி கோத்து, பூத்தொடுத்து, காகிதத்தைக் கிழித்து மடித்த விரல்தான் பிறகு பென்சிலைப் பிடிக்கும். ஒன்றிலிருந்து நூறு வரை ஒப்பிப்பதும் கணக்கு ஆகிவிடாது. "அஞ்சு புளியங்கொட்டை எடு" என்றால் சரியாக ஐந்தை எடுத்து வைக்கிற பிள்ளைக்குத்தான் கணக்கின் வேர் பிடித்திருக்கிறது. எழுத்தும் அப்படியே. 'கல்', 'கண்', 'கடல்' எல்லாம் ஒரே சத்தத்தில் தொடங்குகின்றன என்று காதால் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு, அந்தச் சத்தத்துக்கு எழுத்து 'க' என்று காட்டினால் உடனே விளங்கும். சத்தமே பிடிபடாத பிள்ளைக்கு அது வெறும் கோணல் கோடு.

இதற்கெல்லாம் அடிப்படை பேச்சு. பேச்சு பழகுவது வீட்டு மொழியில். தாய் பேசாத மொழியில், புரியாத பாட்டை மனப்பாடம் செய்யும் குழந்தை கேள்வி கேட்க மறந்துவிடுகிறது. இங்கிலீஷ் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேர் பிடித்த பிறகு எந்த மொழியையும் நம் பிள்ளைகள் கற்பார்கள்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். இந்தப் பழமொழியைச் சொல்லிக்கொண்டு பிள்ளையை அடிக்கிறவர்கள் உண்டு. அடித்தால் வளையாது, ஒடியும். மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையே, மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுவதாக எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கொள்கையில் நாம் எதிர்ப்பவை பல உண்டு. ஆனால் எழுதியவர்களின் கையெழுத்தைக் காட்டியே கேட்போம்: அப்படியானால் அந்த ஆறு வருஷத்துக்கு நீங்கள் செய்வது என்ன?

யாருக்காகத் தோன்றியது?

குழந்தைப் பள்ளி பணக்காரர் வீட்டுச் சரக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சரித்திரம் வேறு சொல்கிறது.

ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் என்ற இடத்தில் ஒரு பஞ்சாலை. அதன் நிர்வாகி ராபர்ட் ஓவன். 1816 ஜனவரி முதல் தேதியன்று ஆலைக் குடியிருப்பில் அவர் ஒரு கல்விக்கூடம் திறந்தார். நடக்கத் தெரிந்த குழந்தைக்கெல்லாம் அங்கே இடம் உண்டு. முதல் உபாத்தியாயராக அவர் தேர்ந்தெடுத்தது பண்டிதர் ஒருவரை அல்ல. ஜேம்ஸ் புக்கானன் என்ற நெசவாளியையும், மாலி யங் என்ற 17 வயது ஆலைப் பெண்ணையும்! குழந்தைகளை அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, இந்த வயதில் புத்தகத்தைக் காட்டித் தொந்தரவு செய்யக் கூடாது, சுற்றியுள்ள பொருள்களைக் காட்டிப் பேச வேண்டும், ஆட வேண்டும், பாட வேண்டும் என்பது அவர் போட்ட விதி. ஓவன் முதலாளிதான், பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் அந்த ஆலையில் வேலை செய்யத்தான் செய்தார்கள். ஆனாலும் மில் தொழிலாளியின் குழந்தைக்கு விளையாட்டின் மூலம் படிப்பு என்பது இருநூறு வருஷத்துக்கு முன்பே நடந்த காரியம்.

மாண்டிசோரி என்ற பெயரைப் பெரிய பெரிய பள்ளிக்கூடங்களின் போர்டில் பார்க்கிறோம். மரியா மாண்டிசோரி அம்மையார் 1907 ஜனவரி 6 அன்று தமது முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது ரோமாபுரியில், சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில். பெற்றோர் கூலி வேலைக்குப் போய்விட, தனியே திரிந்த பிள்ளைகள் சுவரையும் மாடிப்படியையும் பாழாக்குகிறார்கள் என்று கட்டடக்காரர்கள் கவலைப்பட்டு ஒரு அறையை ஒதுக்கினார்கள். அந்தக் கூலிக்காரர் பிள்ளைகள்தான் மாண்டிசோரி முறையை உலகுக்குக் காட்டிக் கொடுத்தவர்கள். அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். இன்று அந்தப் பெயருக்கு என்ன விலை? கட்டணம் கேட்டால் கூலிக்காரன் வாசல்படியிலேயே திரும்ப வேண்டியதுதான்.

அங்கன்வாடி என்ற சொல்லைப் பாருங்கள். 'ஆங்கன்' என்றால் முற்றம். மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக் அம்மையார் 1945இல் போர்டி கிராமத்தில் குழந்தைப் பள்ளி தொடங்கினார். பின்னர் கோஸ்பாட் குன்றில், அனுதாய் வாக் அம்மையாரோடு சேர்ந்து ஆதிவாசிக் குழந்தைகளிடையே வேலை செய்தார். குழந்தை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தையின் முற்றத்துக்குப் போகட்டும் என்பது அவர்கள் கண்ட வழி. அது அன்றைய தாணா ஜில்லா. கொத்தடிமைக்கும் வெட்டி வேலைக்கும் எதிராக 1945இல் வார்லி மக்கள் செங்கொடி ஏந்தி எழுந்த அதே ஜில்லா.

ஆகவே இந்தப் படிப்பு ஆலைக் குடியிருப்பிலும் கூலிக்காரர் குடியிருப்பிலும் ஆதிவாசி முற்றத்திலும் வளர்ந்தது. நமக்காகத் தோன்றியதை நமக்கே தவணை முறையில் விற்கிறார்கள்!

குடிசையில் செய்யக்கூடியது

"ஷிப்டு முடிந்து வந்தால் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. பிள்ளையோடு விளையாட நேரம் ஏது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தனி நேரமும் வேண்டாம், காசு கொடுத்து வாங்கும் சாமானும் வேண்டாம். செய்கிற வேலையோடு செய்யக்கூடியவை உண்டு.

அடுப்பருகில் குழந்தை உட்கார்ந்திருந்தால், துவரையும் பயறும் கலந்து கொடுத்துத் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்ளாமல் ஒரு கண் இருக்கட்டும். "பெரிய டம்ளர் எது, சின்ன டம்ளர் எது?" என்று கேளுங்கள். தட்டு வைக்கும்போது, "நாம எத்தனை பேர், எத்தனை தட்டு வேணும்?" என்று கேளுங்கள். கோலப் புள்ளியைப் பிள்ளை வைக்கட்டும். பல்லாங்குழிப் பலகை இல்லாவிட்டால் தரையில் குழி போதும். எண்ணுவதும், தன் முறை வரும்வரை பொறுப்பதும் அதில் தானே வரும். பாட்டியிடம் விடுகதைக்கும் கதைக்கும் பஞ்சமில்லை. கதையைப் பாதியில் நிறுத்தி, "அப்புறம் நரி என்ன செஞ்சிருக்கும்?" என்று கேட்டால், யோசனை பண்ணப் பழகிவிட்டது பிள்ளை.

பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் "சும்மா இரு" என்று அதட்டாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "எனக்கும் தெரியலை, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அழுகிற பிள்ளையின் கையில் செல்போனைக் கொடுத்து வாயடைப்பது சுலபம். ஆனால் செல்போன் பேசுமே தவிர, பிள்ளை சொல்வதைக் கேட்காது. கேட்கிற காது இருந்தால்தான் பேசுகிற வாய் வளரும்.

இவற்றைத் தாயின் தலையில் மட்டும் கட்டிவிடக் கூடாது. மேடையில் சமத்துவம் பேசும் தோழர், வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துப் பத்து நிமிஷம் பேசினால் அவருடைய கௌரவம் குறைந்துவிடாது.

கேட்டுப் பெற வேண்டியது

வீட்டில் செய்வது பாதிதான். மீதி சர்க்காரின் கடமை.

1950இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 45வது பிரிவு, 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்து வருஷத்துக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்றது. பச்சைக் குழந்தையையும் அது விலக்கவில்லை. 2002இல் செய்த திருத்தம் ஆறிலிருந்து பதினான்கு வரை கல்வியை உரிமையாக்கியது. நல்லது. ஆனால் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அரசு 'முயலும்' என்பதோடு விட்டுவிட்டது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் மூன்று முதல் ஆறு வயது வரை ஏற்பாடு 'செய்யலாம்' என்றுதான் சொல்கிறது. செய்யலாம் என்றால் செய்யாமலும் இருக்கலாம் என்றுதானே அர்த்தம்?

1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் இன்று தேசமெங்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 54,000 மையங்கள். ஆனால் பிள்ளைக்குச் சோறூட்டி, எடை போட்டு, பாட்டு சொல்லித்தந்து, பதிவேடு எழுதி, போதாக்குறைக்குச் செல்போனில் கணக்கு ஏற்றும் ஊழியரை சர்க்கார் ஊழியர் என்று ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். 2018இல் மத்திய அரசு நிர்ணயித்த 'மதிப்பூதியம்' மாதம் 4,500 ரூபாய். உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநிலங்கள் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கின்றன. மூளையில் 85 சதவீதத்தை வளர்ப்பவருக்குக் கொடுக்கும் கூலி இது! 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதற்கே அவர்கள் கோர்ட் படியேற வேண்டியிருந்தது.

ஆலைகளின் கதை என்ன? 1948ஆம் ஆண்டு பாக்டரிச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1976இல் அது முப்பதாகக் குறைக்கப்பட்டது. 2020இல் நிறைவேறிய சட்டத் தொகுப்பு, ஆணும் பெண்ணுமாக ஐம்பது தொழிலாளருக்கு மேல் உள்ள இடங்களில் காப்பக வசதிக்கு விதி செய்யலாம் என்கிறது. இங்கேயும் 'செய்யலாம்'! கிராமத்துக்கு வந்தால், 2005ஆம் ஆண்டு ஊரக வேலைச் சட்டத்தின் அட்டவணையில், வேலைத் தலத்துக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐவர் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலியோடு நியமிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அப்படி நியமித்ததை உங்களில் எத்தனை பேர் பார்த்தீர்கள்? கேட்காத உரிமை காகிதத்திலேயே செத்துப்போகும்.

எனவே சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் போனசுக்கும் பஞ்சப்படிக்கும் பக்கத்தில் இவற்றையும் எழுத வேண்டும்: ஆலையில் காப்பகம், தாய் வேலை முடிந்து வரும்வரை திறந்திருக்கும் அங்கன்வாடி, அங்கன்வாடி ஊழியருக்கு ஊழியர் என்ற அந்தஸ்தும் சம்பளமும், மூன்று வயதிலிருந்தே கல்வி உரிமை.

ஒன்றரை வருஷம்

அந்தப் பஞ்சாலைத் தோழருடன் தெருமுனை அங்கன்வாடிக்குப் போய்ப் பார்த்தோம். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. கூரை ஒழுகிய கறை. விளையாட்டுச் சாமான் பெட்டியில் பாதி உடைசல். ஊழியர் அம்மா ஒரு கையால் பதிவேடு எழுதிக்கொண்டு, மறு கையால் அழுகிற குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தார். "இந்தத் தெருவில் சங்கத்துக்காரர்கள் இத்தனை பேர் இருக்கிறீர்கள். ஒருநாள்கூட உள்ளே வந்து என்ன வேண்டும் என்று கேட்டதில்லையே, அண்ணா!" என்றார். நமக்குத் தலை குனிந்துவிட்டது.

தோழருக்குக் கடன் ஏற்பாடு ஆகிவிட்டது. மகள் இங்கிலீஷ் பள்ளிக்குப் போகிறாள். அவரைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. நல்ல பிள்ளைகளெல்லாம் காசு கொடுத்து வெளியே போகப் போக அங்கன்வாடி மேலும் நலியும். நலிய நலிய இன்னும் பலர் கடன் வாங்குவார்கள். கடைசியில் காசும் இல்லாத, அங்கன்வாடியும் இல்லாத நடவுக்காரியின் பிள்ளை வரப்பிலேயே நிற்கும்.

தோழருக்கு ஒன்றரை வயதில் ஒரு மகனும் இருக்கிறான். அவனுக்கு மூன்று வயது நிறைய இன்னும் ஒன்றரை வருஷம். அதற்குள் அந்தக் கூரையை மாற்றவைக்க வேண்டும். பெட்டியை நிரப்ப வேண்டும். ஊழியர் அம்மாவின் போராட்டத்துக்குத் தெருவே பக்கத்தில் நிற்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் இதுதான் முதல் விஷயம்.

உங்கள் தெருமுனையிலும் ஒரு அங்கன்வாடி இருக்கிறது. நாளைக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள், தோழர்களே!