பந்திக்கு வெளியே யார்?

பெருநகர்களின் புகழ்பெற்ற உணவகங்களில் ஒரே தட்டைப் பலர் பகிர்ந்துண்பது இன்றைய நாகரிகம். நமக்கு இது புதுமையா? கீரிமலைப் பக்கத்திலே ஒரே பானை ஒடியற் கூழைச் சுற்றியிருந்து குடித்தவர்களல்லவா நாம்! ஆனால், பனங்கிழங்கு கிண்டியவன் அந்த வட்டத்தில் இருந்தானா? தேநீர்க்கடையிலும் அவனுக்குத் தனிப் பேணி!

1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் ஏட்டிலே உறங்கியது. 1960களில் ஒடுக்கப்பட்ட மக்கள் போராடியே தேநீர்க்கடைக்குள் நுழைந்தனர். 1968இல் அயலூரான மாவிட்டபுரத்திலே கோயிற் கதவும் அவர்களுக்கு அடைக்கப்பட்டது.

தோழர்களே, காசு கொடுத்து அந்நியரோடு தட்டைப் பகிர்வது எளிது. நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் இன்றும் இலை போடப்படாதவர் யார்? அவருக்கு இலை விழும் நாளிலேதான் அது சமபந்தி. அதுவரை வெறும் விருந்தே!