கரூர்ச் செப்புக்காசும் கிடைத்த இடமும்

கொங்கு நாட்டு ரோமானிய நாணயம் என்றதும் வெள்ளலூரும் உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பூதிநத்தமுமே நினைவுக்கு வருகின்றன. 1842-இலும் 1946-இலும் அங்கே வெளிப்பட்ட, அகஸ்டஸ், திபேரியஸ் தலை பொறித்த வெள்ளிக்காசுகள் பாலக்காட்டுக் கணவாய் வழி நடந்த வணிகத்துக்குச் சான்றாகிப் பாடநூல் வரை ஏறிவிட்டன. அவற்றுக்கு மூன்று நூற்றாண்டு பிந்தி வந்து, கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைக்கும் செப்புக்காசுகளோ, இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-இல் கரூர், மதுரைக் காசுகளை ஆராய்ந்து நூலாக வெளியிட்ட பிறகும், சேகரிப்பாளர் பலரின் பெட்டியில் கடைசித் தட்டிலேயே கிடக்கின்றன.

காரணம் தெரிந்ததே. இக்காசுகளின் ரோமானியப் பெயர்கள் உறுதிப்படாததால் நாணயவியலார் இவற்றை விட்டத்தைக் கொண்டே வகைப்படுத்துவர். 17 மில்லிமீட்டருக்கும் குறைந்த நான்காம் அளவுக் காசுகளில் பெரும்பாலானவை இரண்டு கிராமைக்கூட எட்டுவதில்லை. கான்ஸ்டன்டைன் மரபினர் காசில் படைக்கொடியின் இருபுறமும் நிற்கும் வீரர்களும், ஆர்க்காடியஸ் காலக் காசில் கைதியை இழுத்துச் செல்லும் சிறகுள்ள வெற்றித்தேவதையும் நிழலாகவே தெரிய, அடிக்கோட்டின் கீழே அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா எனக் காசு அடித்த ஊரைச் சுட்டும் அக்கசாலைக் குறி முற்றும் மழுங்கியிருக்கும். ஆயினும் விலையைக் குறைக்கும் அந்தத் தேய்மானமே, வெள்ளியைப் போலப் புதைத்து வைக்கப்படாமல் இவை சில்லறையாகக் கைமாறியிருக்கக்கூடும் என்று எண்ண இடம் தருகிறது.

செம்பைப் புளி போட்டுத் தேய்த்து மினுக்குவது பாத்திரத்துக்குப் பொருந்தலாம், காசுக்குப் பொருந்தாது. கெட்டியான பழுப்பு, கரும்பச்சைக் களிம்பு எழுத்தைக் காக்கும் மேல்தோல். குளோரைடு உப்பு ஈரத்தோடு சேர்ந்து வெளிர்பச்சைப் பொடியாக உதிரும் வெண்கல நோயே நோய். அதற்கு மருந்து உலர்வும் வேதியறிந்தவர் கையுமே.

களிம்பு போவதைவிடப் பெரிய இழப்பு, கிடைத்த இடம் மறைவது. பால்கன் நாடுகளிலிருந்து துலக்காத காசுகள் பொட்டலமாக விற்பனைக்கு வரும் இக்காலத்தில், அவற்றில் ஒன்று கரூர்க் காசு என்ற பெயரில் கைமாறினால் காசை மட்டும் பார்த்து மறுப்பது அரிது. உள்ளூரில் அடித்த போலிகளோடு கலந்து இவை மிகுதியாகக் கிடைக்கும் இலங்கை வழியே தமிழகம் வந்தனவா, நேரே வந்தனவா என்ற வழக்கும், இடம் குறித்த காசுகளைக் கொண்டே தீர வேண்டியிருக்கிறது. ஆகவே துலக்குமுன் எடை, விட்டம், இருபுறப் படம், ஆற்றின் எந்தப் பகுதி, யார் வழி வந்தது என்பவற்றைக் காசின் உறையிலேயே எழுதிவைப்பதும், மண்ணில் புதைந்த பொருள் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவிப்பதும், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி உரிமம் பெற்றவரிடம் மட்டும் வாங்குவதும் சேகரிப்பாளரின் அன்றாட வழக்கமாக வேண்டும்.