நம்பகமான தளம் என்றால் பாதுகாப்பான தளமா?

இணையவழிச் சீட்டாட்டத்தில் பணத்தை இழந்த மகனையோ கணவரையோ அழைத்துக்கொண்டு எங்கள் மனநலப் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: "டாக்டர், இவர் ஆடுகிற தளம் ஒழுங்கான தளம்தானா? ஏமாற்றுக்காரர்களிடம் மாட்டிக்கொண்டாரா?" ஆடுபவரும் அதே திசையில்தான் வாதிடுகிறார். இது உரிமம் பெற்ற தளம், நாலு விமரிசனங்களைப் படித்துவிட்டுத்தான் சேர்ந்தேன், வென்ற பணம் மறுநாளே வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது என்கிறார்.

போக்கர் தளங்களைப் பற்றிய விமரிசனங்கள் பெரும்பாலும் சில செய்திகளையே அளக்கின்றன: சேரும்போது எவ்வளவு போனஸ், பணத்தைத் திரும்பப் பெற எத்தனை நாள், செயலி எவ்வளவு வேகம், எந்த நாட்டு உரிமம். இவை பயனற்ற கேள்விகள் அல்ல. ஆயினும் ஒரு குடும்பத்துக்குத் தேவையான கேள்வி இவற்றுள் இல்லை. தளம் நேர்மையானதாக இருப்பது வேறு. அது பாதுகாப்பானதாக இருப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் பல குடும்பங்கள் சிகிச்சைக்குக் காலந்தாழ்த்தி வருகின்றன என்பது எங்கள் கருத்து.

இரண்டு தளங்களின் கதை

இணையவழிப் போக்கரின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் போட்டியில் கிறிஸ் மணிமேக்கர் என்னும் கணக்காளர் 25 லட்சம் டாலர் வென்றார். சிறு தொகை கட்டி, போக்கர்ஸ்டார்ஸ் தளத்தில் நடந்த தகுதிச் சுற்றில் வென்று அங்கே சென்றவர் அவர். சாதாரண ஊழியர் ஒருவர் வீட்டிலிருந்தே தொடங்கி உலகப் பட்டம் வெல்லலாம் என்னும் கனவு அன்று பிறந்தது. லட்சக்கணக்கானோர் தளங்களில் சேர்ந்தனர். 2004இல் ஃபுல் டில்ட் போக்கர் தொடங்கியது. புகழ்பெற்ற ஆட்டக்காரர்களே அதன் பங்குதாரர்களாகவும் விளம்பர முகங்களாகவும் இருந்தனர். அக்காலத்து ஆட்டக்காரர் எவரைக் கேட்டிருந்தாலும் இவ்விரு தளங்களையும் நம்பகமானவை என்றே சொல்லியிருப்பார்.

2006இல் அமெரிக்கா, சட்டவிரோத இணையச் சூதாட்டத்துக்கான பணப் பரிமாற்றத்தைத் தடுக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. அதற்குப் பின்னும் இரு தளங்களும் அமெரிக்கர்களிடம் பணம் பெற்று வந்தன. 2011 ஏப்ரல் 15 அன்று நியூயார்க்கின் மத்திய அரசு வழக்கறிஞர் இவற்றின் நிறுவனர்கள் உள்ளிட்டோர் மீதான குற்றப்பத்திரிகையை வெளியிட்டார். ஆட்டக்காரர்கள் அந்நாளை இன்றும் 'கறுப்பு வெள்ளி' என்றே குறிப்பிடுகின்றனர்.

அதன்பின்தான் வேறுபாடு வெளிப்பட்டது. போக்கர்ஸ்டார்ஸ் சில வாரங்களுக்குள் அமெரிக்க ஆட்டக்காரர்களின் பணத்தைத் திருப்பித் தரத் தொடங்கியது. ஃபுல் டில்டால் தர இயலவில்லை. அது ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர். 2011 மார்ச் இறுதியில் அதன் வங்கிக் கணக்குகளில் இருந்தது சுமார் 6 கோடி டாலர் என அமெரிக்க அரசு அவ்வாண்டு செப்டம்பரில் நீதிமன்றத்தில் கூறியது. அதற்கு முந்தைய நான்காண்டுகளில் உரிமையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்ட தொகை 44 கோடி டாலரைத் தாண்டியது என்றும், புதிதாக வருவோரின் பணத்தைக் கொண்டு பழையவர்களுக்குக் கொடுக்கும் மோசடித் திட்டமாக அது மாறியிருந்தது என்றும் அரசு குற்றம் சாட்டியது. இத்தளத்துக்கு உரிமம் தந்திருந்தது ஆல்டர்னி என்னும் சிறு தீவின் ஆணையம். உரிமச் சான்று தளத்தில் இருந்தது, பணம்தான் இல்லை.

2012இல் போக்கர்ஸ்டார்ஸ் அமெரிக்க அரசுடன் உடன்பாடு செய்துகொண்டு ஃபுல் டில்டை வாங்கியது. 54.7 கோடி டாலரை அரசுக்குச் செலுத்தவும், 18.4 கோடி டாலரைப் பிற நாட்டு ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தரவும் இசைந்தது. ஃபுல் டில்டின் அமெரிக்க ஆட்டக்காரர்கள் தங்கள் பணத்துக்காக 2014 வரை காத்திருந்தனர்.

கெட்ட தளத்தையும் நல்ல தளத்தையும் பிரித்தறியப் பணத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் கதை இங்கே முடிந்துவிடும். மருத்துவர்களாகிய எங்களுக்கு இங்கேதான் தொடங்குகிறது.

நல்ல தளத்திலும் பணம் எங்கே போகிறது?

போக்கரில் ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் ஆடுகின்றனர். தளம் எவருக்கும் எதிராக ஆடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் நடுவில் சேரும் பணயத்திலிருந்து ஒரு சிறு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதற்கு 'ரேக்' என்று பெயர். ஒரு கணக்கைப் பாருங்கள். ஆறு பேர் ஆளுக்கு 2,000 ரூபாயுடன் அமர்கின்றனர். மேசையில் மொத்தம் 12,000 ரூபாய். சுற்றுக்குச் சராசரியாக 400 ரூபாய் பணயம் சேர்கிறது. தளம் 5 விழுக்காடு, அதாவது 20 ரூபாய் எடுக்கிறது. மணிக்கு 60 சுற்றுகள் நடந்தால் ஒரு மணி நேரத்தில் 1,200 ரூபாய். ஐந்து மணி நேரத்தில் 6,000 ரூபாய். அறுவரில் எவர் வென்றாலும் மேசைப் பணத்தில் பாதி தளத்துக்குப் போய்விட்டது. எஞ்சிய பாதியைத்தான் அறுவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இதில் மோசடி ஏதுமில்லை. விதிகளில் எழுதியுள்ளபடியே நடக்கிறது. 2014இல் போக்கர்ஸ்டார்ஸின் தாய் நிறுவனத்தைக் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று 490 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த மதிப்பு சிறு சிறு பங்குகளாகச் சேர்ந்ததே.

திறமை உள்ளவர் வெல்லலாமே என்று கேட்கலாம். போக்கரில் திறமைக்கு இடம் உண்டு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் ரம்மியையும் போக்கரையும் திறமை சார்ந்த ஆட்டங்களாகவே கருதி, தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடைப் பட்டியலிலிருந்து அவற்றை நீக்கியது. ஆனால் திறமையால் ஒருவர் வெல்வது, திறமை குறைந்த மற்றவர்களின் பணத்தையே. எல்லாரும் திறமையாளர்களாகிவிட்டாலும் ரேக் குறையப்போவதில்லை. 'இது திறமை ஆட்டம்' என்னும் எண்ணம் நோயாளிக்கு இன்னொரு தீங்கையும் செய்கிறது. ஒவ்வொரு தோல்வியையும் திருத்திக்கொள்ளக்கூடிய தவறாக அவர் காண்கிறார். விட்டதைப் பிடிக்க மறுபடியும் அமர்கிறார்.

மூளைக்கு உரிமச் சான்று தெரியாது

எப்போது பரிசு வரும் என்று தெரியாத நிலைதான் ஒரு செயலை மிக உறுதியாகப் பழக்கமாக்கும் என்பது நடத்தை உளவியல் நெடுநாளாக அறிந்த உண்மை. போக்கரில் ஒவ்வொரு சுற்றும் அத்தகைய எதிர்பார்ப்புதான். நேரில் சீட்டைக் கலைத்துப் போட்டு ஆடும் மேசையில் மணிக்கு ஏறத்தாழ 30 சுற்றுகள் நடக்கும். இணையத்தில் அதைப்போல் இரு மடங்குக்கு மேல். ஒரே நேரத்தில் நான்கு மேசைகளில் ஆடுவோரும் உண்டு. கையில் உள்ள சீட்டை விலக்கிய நொடியே வேறு மேசையில் புதிய சீட்டு தரும் முறையை 2010இல் அறிமுகப்படுத்தியது ஃபுல் டில்ட்தான். பின்னர் போக்கர்ஸ்டார்ஸும் அதே போன்ற முறையைக் கொண்டுவந்தது. சிந்தித்து எழுந்துபோக இருந்த சிறு இடைவெளியும் இவ்வாறு மறைந்தது. இதைச் செய்வதில் நேர்மையான தளமும் நேர்மையற்ற தளமும் ஒன்றே.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் சூதாட்டக் கோளாறை நோய்களின் வரிசையில் சேர்த்தது. 2013இல் அதனை மது, போதைப் பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே தொகுப்பில் வைத்தது. முன்பு கிடைத்த கிளர்ச்சிக்கு இப்போது கூடுதல் பணம் தேவைப்படுவது, நிறுத்தினால் எரிச்சலும் அமைதியின்மையும் வருவது, இழந்ததைத் துரத்துவது, வீட்டில் பொய் சொல்வது ஆகியன இரண்டுக்கும் பொதுவான அல்லது நெருங்கிய அறிகுறிகள். இது குணக்கேடு அன்று, சிகிச்சைக்குரிய நோய்.

எங்கள் நோயாளிகளில் சிலருக்கு இந்த எச்சரிக்கை கூடுதலாகப் பொருந்தும். பார்க்கின்சன் நோய்க்கும் கால் அமைதியின்மை நோய்க்கும் தரப்படும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் ஆகிய மருந்துகள் சிலருக்குக் கட்டுப்படுத்த இயலாத சூதாட்ட உந்துதலை உண்டாக்கக்கூடும். அரிப்பிப்ரசோல் என்னும் மனநல மருந்து குறித்தும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் இத்தகைய எச்சரிக்கை விடுத்தது. வாழ்நாளெல்லாம் சீட்டைத் தொடாத பெரியவர் திடீரென இரவெல்லாம் கைப்பேசியில் ஆடினால் அவரைக் கடிந்துகொள்வதற்கு முன் மருந்துச் சீட்டை எங்களிடம் காட்டுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். அளவைக் குறைப்பதையும் மாற்றுவதையும் நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

நோயாளியின் கட்டிலருகே பல வாரங்கள் துணையிருப்போரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தூக்கமில்லாத இரவு, மருத்துவச் செலவின் கவலை, கையில் கைப்பேசி, எளிதாகக் கிடைக்கும் கடன் செயலி ஆகிய நான்கும் சேருமிடம் மருத்துவமனை வராந்தா. சிகிச்சைப் பணத்தை இரட்டிப்பாக்கிவிடலாம் என்னும் நினைப்பு அங்கே எழுவது இயல்பு. அந்த நினைப்பு வரும்போது எங்கள் சமூகப் பணியாளரிடம் வாருங்கள். காப்பீட்டுத் திட்டங்கள், உதவித் தொகைகள் பற்றி அவர் வழிகாட்டுவார்.

சட்டத்துக்குப் பின்

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடை செய்கிறது. நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. இதனை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் சட்டம் தளத்தை மூடினாலும் நோயாளியின் உந்துதலை மூடுவதில்லை. உள்நாட்டுத் தளம் இல்லாதபோது அவர் தேடிப் போவது வெளிநாட்டுத் தளத்தை. 'நம்பகமான தளங்கள்' என்னும் பட்டியலுக்கு இப்போதுதான் வலிமை கூடுகிறது. ஃபுல் டில்டில் பணத்தை இழந்தோருக்கு அதைப் பெற்றுத் தர ஒரு வல்லரசின் வழக்கும் இன்னொரு தளத்தின் பணமும் வேண்டியிருந்தன. தடை செய்யப்பட்ட வழியில் ஏதோ ஒரு தீவின் தளத்துக்குப் பணம் அனுப்பும் நம் ஊர் இளைஞருக்கு அவ்விரண்டும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை

முதலாவதாக, தளத்தின் தரத்தைப் பற்றிய விவாதத்தில் இறங்காதீர்கள். 'எந்தத் தளம்?' என்பதற்கு மாறாக, 'எவ்வளவு நேரம், எவ்வளவு கடன், எத்தனை நாள் தூக்கமில்லை?' என்று கேளுங்கள். அமைதியாகக் கேளுங்கள். அவமானப்படுத்தினால் ஆட்டம் நிற்காது, மறைந்துவிடும்.

இரண்டாவதாக, முழுக் கடன் கணக்கையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்காமல் நகையை அடகு வைத்து ஒரே முறையில் அடைத்துவிடாதீர்கள். சிகிச்சையில்லாமல் அடைக்கப்படும் கடன் பல நேரங்களில் அடுத்த ஆட்டத்துக்கு வழி திறந்துவிடுகிறது. அவருடைய ஒப்புதலுடன் வங்கிக் கணக்கு, யு.பி.ஐ. ஆகியவற்றின் பொறுப்பைச் சில மாதங்களுக்கு வேறொருவர் ஏற்கட்டும். கடன் செயலிகளை நீக்குங்கள்.

மூன்றாவதாக, 'நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி' என்பது போன்ற பேச்சை ஒருபோதும் மிரட்டலாக எண்ணாதீர்கள். சூதாட்டக் கோளாறு உள்ளோரிடம் தற்கொலை எண்ணம் அதிகம். அவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. அவரைத் தனியே விடாமல் உடனே அழைத்து வாருங்கள். இரவு பகல் எந்நேரமும் டெலி மானஸ் 14416 என்னும் கட்டணமற்ற எண்ணில் தமிழில் பேசலாம்.

நான்காவதாக, சிகிச்சை உண்டு என்பதை அவருக்குச் சொல்லுங்கள். சிந்தனையையும் பழக்கத்தையும் சீரமைக்கும் உளவியல் சிகிச்சையே முதன்மையானது. உடனிருக்கும் மனச்சோர்வு, பதற்றம், மதுப்பழக்கம் ஆகியவற்றுக்கு மருந்துகள் உள்ளன. அவர் எங்களிடம் சொல்வதை மருத்துவ ரகசியமாகக் காக்க 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்துகிறது. சட்டத்துக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டாம்.

ஒரு தளம் சீட்டை நேர்மையாகக் கலைக்கலாம். வென்ற பணத்தைக் குறித்த நாளில் தரலாம். அத்தளத்தில் ஒருவர் தம் தூக்கத்தையும் வேலையையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் நேர்மையாகவே இழக்கவும் முடியும். ஆகவே தளத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பதை விட்டு, உங்கள் வீட்டில் ஆடுபவரின் முகத்தைப் பாருங்கள். அதில் கவலை தெரிந்தால், கடன் வளரும்வரை காத்திராமல், இந்த வாரமே எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது வாருங்கள். பேசத் தொடங்க அதுவே போதும்.